டிஸ்சார்ஜ் என்று வந்த தந்தி

போன கிழமை எங்கள் பள்ளிக்கூடத் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி கேள்வி போட்டிருந்தாள். "டிஸ்சார்ஜ் எண்டதுக்குச் சரியான தமிழ் என்னடி?" அவளுடைய மனுசன் நெஞ்சு வருத்தத்தோடு பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அன்றைக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு விடுகிறார்களாம். அந்தச் சந்தோசத்தில் கேட்டது. உடனே எல்லாரும் பண்டிதர்களாகிவிட்டீர்கள். ஒருத்தி விடுவிப்பு என்றாள். கனடாவில் இருக்கிறவள் வெளியேற்றம் என்றாள். போனில் பற்றறி இறங்குவதும் அதுதானே என்று இன்னொருத்தி சிரித்தாள். "டீச்சர் எங்க, சத்தத்தைக் காணேல்ல?" என்று என்னையும் இழுத்தீர்கள். இருபத்தெட்டு வருஷமாக இங்கிலிஷ் படிப்பிக்கிறவள் நான். பதில் போடாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். நீளமாகத்தான் இருக்கும், பாதியில் விடுகிறவள் விடலாம்.

சொல்லின் பூர்வீகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், டீச்சர் புத்தி போகாது. இங்கிலிஷ்காரன் அதைப் பிரெஞ்சுக்காரனிடம் எடுத்தான், பிரெஞ்சுக்காரனுக்கு அது இலத்தீனிலிருந்து வந்தது. தோண்டிக்கொண்டு போனால் அடியில் கிடப்பது ஒரு வண்டில். வண்டிலில் பாரம் ஏற்றுவது சார்ஜ், இறக்குவது டிஸ்சார்ஜ். கார், கார்கோ எல்லாம் அந்த வண்டிலின் பிள்ளை குட்டிகள்தான். பிறகு வந்தவர்கள் அவரவர் வசதிக்கு இறக்கிக்கொண்டார்கள். கப்பல்காரன் சரக்கை இறக்கினான். துவக்கு வைத்திருந்தவன் வெடியை இறக்கினான். நீதவான் கூண்டில் நின்றவனை இறக்கினார், டொக்டர் கட்டிலில் கிடந்தவனை இறக்கினார், முதலாளி வேலைக்காரனை இறக்கினான். ஒருத்தன் சுகமாக வீட்டுக்கு வருவதும் அதே சொல், ஒருத்தனை வீட்டுக்குத் துரத்துவதும் அதே சொல். இங்கிலிஷ்காரனுக்கு இதில் குழப்பமில்லை. முன்னும் பின்னும் உள்ளதைப் பார்த்துப் பிடித்துக்கொள்வான். எங்களுக்கு வந்ததில் முன்னும் பின்னும் ஒன்றும் இருக்கவில்லை.

அன்புவழிபுரத்தில் எங்கள் வீடு. அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்குகிற ஒரு கொம்பனியில் வின்ச் பிடிக்கிறவர். கப்பலின் வயிற்றுக்குள்ளிருந்து சரக்கைத் தூக்குகிற இயந்திரம் அது. "இண்டைக்கு டிஸ்சார்ஜ்" என்று காலையில் சொல்லிவிட்டுப் போனாரென்றால் பொழுதுபட்டுத்தான் வருவார். கோதுமைக் கப்பலென்றால் புருவமெல்லாம் வெள்ளைத் தூசியாக, ஒரு நாளில் கிழவனானவர் போல வருவார். கிணற்றடியில் அவர் தலையில் தண்ணீர் ஊற்றும்போது நனைந்த தவிட்டு மணம் எழும்பும். மழை வந்தால் கப்பலை மூடிவிடுவார்கள், தானியம் நனையக்கூடாது. அப்பா வெள்ளனவே வீட்டுக்கு வந்துவிடுவார். ஆகவே டிஸ்சார்ஜ் நாட்களில் மழை பெய்ய வேண்டும் என்று நான் கும்பிட்டிருக்கிறேன். ஊரெல்லாம் உப்பளமும் கருவாடும் காயவேண்டும் என்று கும்பிடுகிற காலத்தில் இப்படி ஒரு பிள்ளை.

எனக்கு இடது காது ஒழுகும். இப்போதும் அந்தக் காது மந்தம்தான், நீங்கள் எல்லாரும் என் வலப்பக்கம் வந்திருந்து ஊர்வம்பு கதைத்தது அதனால்தான். கிளினிக் கொப்பியில் டொக்டர் பெரிய எழுத்தில் ஒரு சொல் எழுதுவார். அதை வாசித்துச் சொன்னவர் எங்கள் பக்கத்து வீட்டு நானா, முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கிண்ணியாக்காரர், ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுக்கிறவராக இருந்து ஓய்வெடுத்தவர். காதுக்குள் மருந்துத் தண்ணியை விடுவார், அது உள்ளே சோடா போல நுரைத்துப் பொங்கும், எனக்குக் கூச்சம் தாங்காது. "அசையாத மகள், டிஸ்சார்ஜ் வெளிய வரட்டும்" என்பார். அப்பா கோதுமை இறக்குகிறார், நான் சீழ் இறக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். அதை அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, தேத்தண்ணி மூக்கால் வந்துவிட்டது. "எட, என்ட பிள்ளையும் துறைமுகத்து ஆள்தான்!" என்றார்.

அப்பாவை ஒரு காலைநேரம் துறைமுகக் கேற்றடியில் வைத்து ஆமிக்காரர் பிடித்தார்கள். அந்தக் கிழமை நிறையப் பேரைப் பிடித்தார்கள், காரணம் ஒருவருக்கும் சொல்லப்படவில்லை. அம்மா முதல் நாளே முகாம் வாசலில் போய் நின்றார். "விசாரிச்சிட்டு விடுவம்" என்றார்கள். இரண்டாம் நாளும் அதே பதில். மூன்றாம் நாள், "இஞ்ச இல்லை, கொழும்புக்கு அனுப்பியாச்சு" என்றார்கள். கொழும்பில் எங்கே என்று கேட்டதற்கு வாசலில் நின்றவன் கையை விரித்தான். அதற்குப் பிறகும் அம்மா தினமும் போனார். நானும் போனேன். வெய்யில் ஏறினால் என் காது குத்தும், சொல்லமாட்டேன்.

மூன்றாவது கிழமை ஒரு நல்ல செய்தி வந்தது. பக்கத்துத் தேவாலயத்துப் பாதர் கொழும்புக்குப் போகிறார். கொண்டுபோனவர்களின் பெயர்களை எழுதி எடுத்துக்கொண்டு, பெரிய இடத்தில் நேரில் கொடுத்து, ஒவ்வொருவரும் எங்கே இருக்கிறார் என்று கேட்கப் போகிறார். நாங்கள் சைவம். அவர் அதெல்லாம் பார்க்கவில்லை. அம்மா போய் அப்பாவின் பெயரைக் கொடுத்தார். பாதர் எழுதி, எழுத்துக்கூட்டிக் காட்டி, "சரியோ அம்மா?" என்று கேட்டார். ஆறாவது பெயர் அப்பாவுடையது. அந்தத் தாளில் பெயர் இருப்பதுதான் எங்களுக்கு இருந்த ஒரே பிடி. அம்மா அன்று ராத்திரி முழுச்சோறு சாப்பிட்டது எனக்கு நினைவிருக்கிறது.

பாதர் புறப்படுவதற்கு முதல் நாள் மத்தியானம் தந்தி வந்தது. தந்திக்காரரின் சைக்கிள் மணிச் சத்தத்துக்கே அம்மா படலைக்கு ஓடிப்போய் அதை வாங்கினார். "நானா! நானா!" என்று வேலிக்கு மேலால் கத்தினார். நானா சாரத்தை இறுக்கிக்கொண்டு ஓடிவந்து, கண்ணாடியைத் தேடி, அது தலையில் இருப்பதைக் கண்டுபிடித்து, வாசித்தார். கொழும்பிலிருந்து இங்கிலிஷில் வந்த தந்தி. அப்பாவின் பெயர். அடுத்து டிஸ்சார்ஜ் பண்ணியாயிற்று என்ற சொல். அடுத்து ஒரு திகதி, கடிதம் பின்னால் வரும் என்று ஒரு வரி. அனுப்பினவர் இடத்தில் அர்த்தமில்லாத ஐந்தாறு எழுத்து. தந்திக்கென்று கொம்பனிகள் அப்படிச் சுருக்கப்பெயர் வைத்திருக்கும் என்பது எங்களுக்குத் தெரியாது. ஏதோ தபால்கந்தோர்க் குறி என்று நானா நினைத்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்! தங்கச்சி, ஆளை விட்டிட்டாங்கள்!" என்றார் நானா. "டிஸ்சார்ஜ் எண்டு கிடக்கு. திகதியும் போட்டிருக்கு."

"வடிவாப் பாருங்கோ நானா. அப்படித்தானோ?"

"என்ன தங்கச்சி கதைக்கிறீங்கள்? முப்பது வருஷம் வாட்டுக் கார்ட்டில ஒவ்வொரு நாளும் நான் பாத்த சொல்லு. இது எழுதினா ஆள் வீட்ட போறார் எண்டுதான் அர்த்தம். வேற ஒண்டும் இல்லை."

அம்மா அப்படியே நிலத்தில் குந்தி அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். என்னை இழுத்து மடியில் போட்டார். எனக்கும் சந்தோசம்தான். ஆனால் உடனே ஒரு எண்ணம் வந்தது.

சில மாதங்களுக்கு முன் அப்பாவோடு வேலைசெய்த ஒரு மாமாவின் குடும்பம் ஊரைவிட்டுப் போனது. கலவரத்தில் பாதை பூட்டியிருந்ததால் அந்த மாமா கனநாள் வேலைக்குப் போகவில்லை. சட்டி பானையெல்லாம் ட்ரக்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு, பெண்சாதியின் தகப்பனுடைய வயலோடு இருக்கத் தம்பலகாமத்துக்குப் போனார்கள். "ஏனப்பா போகினம்?" என்று கேட்டேன். "அவரை டிஸ்சார்ஜ் பண்ணிப் போட்டாங்கள்" என்றார் அப்பா. "கப்பலில இருந்தோ?" என்றேன். அப்பா சிரிக்கவில்லை. "வேலையால நிப்பாட்டிப் போட்டாங்கள் பிள்ளை. சொல்லாமல் வராத நாள் கூடினா அப்படித்தான். கொழும்பு ஒப்பிசில இருந்து தந்தி வரும், பிறகு கடிதம் வரும்."

தந்தி வரும், பிறகு கடிதம் வரும். அம்மாவின் மடியில் கிடந்துகொண்டு இதைத்தான் நினைத்தேன். அப்பாவும் வேலைக்குப் போகாமல் மூன்று கிழமை. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன விளங்கும் என்பீர்கள். விளங்கியது, நல்லாகவே விளங்கியது. வாயைத் திறந்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். மூன்று கிழமையாகக் கரிக்கட்டை மாதிரிக் கிடந்த முகம். சொல்ல மனம் வரவில்லை. நானா பெரிய மனிதர், ஆஸ்பத்திரியில் வேலைசெய்தவர், அவருக்குத் தெரியாததோ என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

அம்மா முகம் கழுவிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு நேரே பாதரிடம் போனார். பாதர் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"பாதர், இவரின்ட பேரை வெட்டிவிடுங்கோ. டிஸ்சார்ஜ் ஆகிட்டாராம், தந்தி வந்திட்டுது."

"அப்படியோ! நல்ல செய்தி அம்மா. தந்தியைக் கொண்டு வந்தனீங்களோ?"

"சுவாமிப் படத்துக்குக் கீழ வச்சிட்டு வந்தனான்."

பாதர் யோசித்தார். "பேர் கிடக்கட்டுமே. ஆள் வந்து சேர்ந்த பிறகு வெட்டினாப் போச்சு."

"வேண்டாம் பாதர்! விட்ட ஆளின்ட பேரைக் கொண்டுபோய்க் குடுத்தா, இவன் ஆர் எண்டு திரும்பத் தேடிப் பிடிச்சிடுவாங்கள். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், வெட்டிவிடுங்கோ."

அது அந்தக் காலத்தில் விசர்க் கதை அல்ல. விட்டுவிட்டுத் திரும்பப் பிடித்த ஆட்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தார்கள். பாதரும் அதை அறிவார். கடைசியில் நீலப் பேனையை எடுத்து ஆறாவது பெயரின் மேல் கோடு கீறினார். ஒரு கோடு போதாதென்று அம்மா சொல்ல, இன்னொன்றும் கீறினார். நான் மேசையோரத்தில் நின்று பார்த்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். 

அடுத்த நாட்கள் எங்கள் வீட்டில் கலியாண வீடு போல. அம்மா வீட்டை மெழுகினார், அலுமாரியைத் திறந்து அப்பாவின் சேட்டுகளை மினுக்கி அடுக்கினார். முகாம் வாசலுக்குப் போவதை நிறுத்திவிட்டார், "அங்க போய் ஏன் நிண்டு முகம் காட்டுவான்?" என்றார். சல்லி அம்மனுக்கு நேர்ந்த பொங்கலை ஒரு திங்கட்கிழமை போய்ப் பொங்கினோம். கடற்கரை முழுக்க நெத்தலி காயப்போட்டிருந்தது, அந்த மணத்துக்கும் காற்றுக்கும் என் காது வலி கூடியது. பொங்கல் வடிந்ததும் வடியாததுமாக அம்மா அவசரப்பட்டார். "கெதியா வா, அப்பா வந்து வீடு பூட்டிக் கிடந்தா என்ன செய்வார்?" வரும் வழியெல்லாம் எதிரே வந்த பஸ்களின் யன்னல்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். தினமும் அப்பாவுக்கென்று பாரை மீன் குழம்பு வைத்தார். தினமும் அது மிஞ்சியது. நான் மட்டும் படலைச் சத்தத்துக்கெல்லாம் பயந்தேன். எனக்குத் தெரிந்து வரவேண்டியது அப்பா அல்ல, கடிதம்.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. மேலே கொம்பனியின் பெயர் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது. நானா வாசித்தார். திரும்ப வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்தார்.

"சொல்லுங்கோ நானா, எப்ப வாறாராம்?"

"தங்கச்சி..." நானா மேலே இருந்த பெயரைக் காட்டினார். "இது கொம்பனிக் கடிதம். அறிவிக்காமல் வேலைக்கு வராதபடியா நிப்பாட்டிப் போட்டம் எண்டு எழுதியிருக்கிறாங்கள்."

"அப்ப தந்தி?"

"அதுவும் இவங்கள் அடிச்சதுதான் போல. நான்... எனக்கு... அல்லாவே, நான் என்ன வேலை பாத்திட்டன்!"

பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதை என்று நாங்கள் லேசாகச் சொல்வோம். அன்றைக்கு அதைக் கண்ணால் கண்டேன். அம்மா அழவில்லை. செருப்பும் போடாமல் தேவாலயத்துக்கு ஓடினார். பாதர் கொழும்பிலிருந்து இன்னும் வரவில்லை என்று அங்கே சொன்னார்கள். தாளை அவர் அதற்கு முன்பே கொடுத்தாயிற்று.

அந்தத் தாளில் இருந்தவர்களில் மூன்று பேர் அடுத்த மாதம் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் எங்கள் ஒழுங்கையில் ரேடியோ திருத்துகிறவர். பாதி உடம்பாக வந்திருந்தார். இரண்டாம் நாளே அம்மா அவரிடம் போனார். அவர் நிமிர்ந்து பார்க்காமல் கதைத்தார்.

"அண்ணனும் எங்களோடதான் அக்கா இருந்தவர், ஒரே அறை. ஒரு நாள் வந்து பேர் வாசிச்சாங்கள். ஊரில இருந்து கேட்டிருக்கினமாம் எண்டு. எங்கட ஊர் ஆக்களின்ட பேர் ஒண்டொண்டா வருகுது. அண்ணன் முதலே எழும்பிச் சேட்டுத் தெறியைப் பூட்டிக்கொண்டு நிண்டவர். என்ட மனுசி கட்டாயம் குடுத்திருப்பா எண்டு சொன்னவர்."

"பிறகு?"

"வாசிச்சு முடிச்சிட்டுப் போட்டாங்கள். அவர் கனநேரம் நிண்டவர் அக்கா. பிறகு நிலத்தில குந்தியிட்டார்."

பாதர் அப்பாவின் பெயரை மட்டும் தனியாக எழுதிக்கொண்டு திரும்பப் போனார், பாவம், மூன்று தரம் போனார். அப்படி ஒருவர் எங்களிடம் இருந்ததே இல்லை என்று பதில் வந்தது. இன்றுவரை அதுதான் பதில்.

நானா அதற்குப் பிறகு ஒருவருக்கும் இங்கிலிஷ் கடிதம் வாசித்துக் கொடுக்கவில்லை. கேட்டு வருகிறவர்களிடம் கண் தெரியுதில்லை என்று சொல்லித் திருப்பிவிடுவார். என் காதுக்கு மருந்து விடுவதற்கு மட்டும் அந்தக் கண் தெரிந்தது. அம்மா அவரை ஒரு சொல் குறை சொல்லவில்லை. ஊர் சொன்னது. அரைகுறை இங்கிலிஷால் ஒரு குடும்பத்தைக் கெடுத்தவன் என்று சொன்னது. அகராதியைத் திறந்து பாருங்கள், அவர் சொன்ன அர்த்தமும் அங்கே இருக்கிறது. நான் இங்கிலிஷ் படித்ததே அந்தக் கோபத்தில்தான். நீங்கள் எல்லாரும் சினிமாப் பாட்டுக் கொப்பி எழுதின வயதில் நான் அகராதியோடு கிடந்தேன், எனக்குத் தலைக்கனம் என்று நினைத்திருப்பீர்கள். தந்தியும் கடிதமும் இப்போது இல்லை. இடம்பெயர்ந்து ஓடினபோது வீட்டோடு போய்விட்டன.

நாலு வருஷத்துக்கு முன், காணாமல் போனவர்களைப் பற்றி விபரம் கேட்டு ஒரு படிவம் வந்தது. நான் நிரப்பினேன், அம்மா பக்கத்துக் கதிரையில் இருந்தார். எண்பது வயது, அறிவு மட்டும் தெளிவு. ஆள் பிடிபட்ட காலத்தில் எங்கேயாவது முறையிட்டீர்களா, அதன் முடிவு என்ன என்று ஒரு கேள்வி. பேனை நின்றுவிட்டது. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக நெஞ்சுக்குள் கிடந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"அம்மா, எனக்கு அண்டைக்கே தெரியும். தந்தி வேலையைப் பற்றித்தான் எண்டு. அந்த மாமாவுக்கு அப்படித்தான் வந்தது எண்டு அப்பா எனக்குச் சொன்னவர். நான் சொல்லாமல் விட்டிட்டன்."

சொல்லிவிட்டு ஏச்சுக்குக் காத்திருந்தேன். அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு மட்டும் தெரியாதோ?" என்றார். "அந்த மாமாவின்ட பெண்சாதி தந்தியோட வந்து என்ட குசினிக்குள்ள இருந்துதான் அழுதவள். நானா வாசிக்கேக்கயே எனக்கு அது நினைவு வந்தது."

"அப்ப ஏனம்மா...?"

"நானா நல்ல அர்த்தம் சொன்னார். எனக்கு அது வேணுமா இருந்தது." படிவத்தை என் பக்கம் தள்ளினார். "நீ வாய் திறந்திருந்தா வாயில அடிச்சிருப்பன். அடிச்சுப்போட்டுப் போய்ப் பேரை வெட்டுவிச்சிருப்பன்."

நான் தலையைக் குனிந்துகொண்டு எழுதினேன். "என்ன எழுதினனீ, வாசி" என்றார் அம்மா. குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்பட்டது என்று வாசித்தேன்.

"குடும்பத்தார் எண்டு எழுதாத. அதுக்குள்ள நீயும் வருவாய். வெட்டிப்போட்டு என்ட பேரை எழுது."